மதியம் இரண்டு மணி வகுப்பறை

துறையூருக்கு வடமேற்கே, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது உப்பிலியபுரம். இரண்டு மலைகள் பக்கத்தில் இருப்பதால் ஊர் குளுகுளுவென்று இருக்கும் என்று, புளியஞ்சோலைக்குக் குளிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். மாசி கழிந்து பங்குனி பிறந்தால் தெரியும். மலைமேல் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். திருச்சி மாவட்டத்துக்கே உரிய வெயில் சமவெளியில் இறங்கிவிடும். சித்திரையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. அந்த நாள்களில், இந்த ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வகுப்பறையை மதியம் இரண்டு மணிக்கு எண்ணிப் பாருங்கள். தட்டையான கான்கிரீட் கூரை. காலை எட்டு மணியிலிருந்து குடித்த வெயிலை அது உடனே கீழே விடுவதில்லை. சில மணி நேரம் தன்னுள் வைத்திருந்துவிட்டு, பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்காருகிற நேரத்தில்தான் இறக்கத் தொடங்கும். மேலே சுழலும் மின்விசிறி, கூரையை ஒட்டித் தேங்கியிருக்கும் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. நோட்டில் ஊன்றிய முழங்கையின் வியர்வையில் மை கரைகிறது. கரும்பலகையில் வகுத்தல் கணக்கு. மீதி எவ்வளவு என்று ஆசிரியர் கேட்கிறார், பதில் வரவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று அந்த மௌனத்துக்கு நாம் எளிதாகப் பொருள் சொல்லிவிடுகிறோம்.

அந்த மௌனத்தில் கூரைக்கும் பங்குண்டு என்பதே என் வாதம். தமிழ்நாட்டுக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று மற்ற மாநிலங்களுக்கு வெகுகாலம் முன்பே உணர்ந்த மண் இது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956இல் காமராஜர் அதை மாநிலத்துக்கு விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார், 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. சோற்றுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு எந்தக் கட்சிக்காரரும் கேட்கமாட்டார். உடம்பு வாடினால் மனம் ஓரிடத்தில் நிற்காது என்பதை ஒரு சமூகமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால், வயிற்றோடு நின்றுவிட்டோம். அதே பிள்ளையின் உடம்பில் தோல் இருக்கிறது, கண் இருக்கிறது, காது இருக்கிறது. வெக்கையும் மங்கலும் இரைச்சலும் அவற்றின் வழியாகப் படிப்பைத் தின்கின்றன. பள்ளிக் கட்டடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுற்றுச்சுவர், நுழைவு வளைவு, புது வர்ணம், திறப்புவிழாக் கல்வெட்டு. பிள்ளை ஒரு நாளில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் எத்தனை டிகிரி வெப்பம் என்று நாம் அளந்து பார்ப்பதே இல்லை.

அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஒரு பொதுத் தேர்வின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, சுமார் ஒரு கோடிப் பேரின் தரவுகளை ஜோஷுவா குட்மேன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2020இல் அது வெளியானது. அதே மாணவர் ஒரு முறைக்கு மேல் தேர்வெழுதும்போது, இடைப்பட்ட பள்ளி ஆண்டு எவ்வளவு வெப்பமாக இருந்தது என்று ஒப்பிட்டார்கள். குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், ஆண்டின் வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது அரை டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல், கூடினால் அந்த ஆண்டுக் கற்றலில் சுமார் 1 சதவீதம் குறைந்தது. குளிர்சாதனம் இருந்த பள்ளிகளில் அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. ஏழை மாணவர்களையே வெப்பம் கூடுதலாகத் தாக்கியது. தேர்வு நடந்த நாளின் வெயிலை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு இல்லை இது. பள்ளி நடக்கும் நாள்களில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்காமல் விட்டது ஆண்டு முடிவில் ஒன்றுசேர்ந்து தெரிகிறது.

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு உண்டு. கர்க், ஜக்னானி, தராஸ் ஆகிய மூவரும் அதே 2020இல் வெளியிட்டது. சராசரி வெப்பம் 29 டிகிரிக்கு மேல் போகும் நாள்கள் ஓர் ஆண்டில் கூடக் கூட, கிராமப் பிள்ளைகளின் கணக்குத் திறனும் வாசிப்புத் திறனும் சரிவதை அவர்கள் கண்டார்கள். ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தச் சரிவு பெரும்பாலும் வயல் வழியாக வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். வெயிலில் வெள்ளாமை கெடுகிறது, வருமானம் குறைகிறது, வீட்டில் பிள்ளைக்குச் செலவழிப்பது சுருங்குகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் வந்த இடங்களில் இந்தப் பாதிப்பு பெரிதும் மட்டுப்பட்டது. அப்படியானால் வகுப்பறை வெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? நான் அப்படிப் படிக்கவில்லை. சின்ன வெங்காயமும் மரவள்ளியும் மானாவாரியும் நம்பியிருக்கும் உப்பிலியபுரம் ஒன்றியத்துப் பிள்ளையை வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிறது என்றே படிக்கிறேன். வயலில் விழும் அடியைத் தடுக்கப் பெரிய கொள்கை வேண்டும், பெரிய பணம் வேண்டும். கூரை வழியாக விழும் அடியைத் தடுக்க அவ்வளவு வேண்டியதில்லை. கைக்கு எட்டியதை முதலில் செய்வதில் தவறில்லையே.

வெப்பம் படிப்பைக் கெடுக்கும் என்பது அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2023இல் கோடை விடுமுறைக்குப் பின் ஜூன் தொடக்கத்தில் திறக்கவேண்டிய பள்ளிகள் 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், பிறகு 12ஆம் தேதிக்கும், சின்ன வகுப்புகளுக்கு 14ஆம் தேதிக்கும் தள்ளிப்போயின. 2024இல் ஜூன் 6 என்பது 10 ஆனது. 2025இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டிறுதித் தேர்வு ஏப்ரலில் முன்கூட்டியே நடத்தி முடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அறிவித்தது. இவை அனைத்தும் அக்கறையில் எடுத்த முடிவுகள். பிள்ளைகள் வெயிலில் நடந்து வருவதைத் தவிர்த்தன. அது பெரிய காரியம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாம் வெப்பத்துக்கு விலையாகத் தருவது பள்ளி நாள்களைத்தான். நாள்காட்டியைத் திருத்துகிறோம், கூரையைத் திருத்துவதில்லை. ஜூன் நடுவில் திறந்தாலும் ஆடி வரை அந்தக் கான்கிரீட் தகித்துக்கொண்டுதான் இருக்கும். பிப்ரவரி கடைசியிலேயே மறுபடி தகிக்கத் தொடங்கும். நாள்காட்டியில் வெட்டி எடுக்க இன்னும் எத்தனை வாரங்கள் மிச்சமிருக்கின்றன?

இந்தக் கூரைகள் எப்படி வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையலறைக் கீற்றில் பற்றிய நெருப்பு வகுப்பறைக் கீற்றுக்குத் தாவியது. அதன்பின் மாநிலம் முழுக்கப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. செய்தே ஆகவேண்டிய வேலை. அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. கீற்று போன இடத்தில் தகரமும் சிமெண்ட் அட்டையும் கான்கிரீட்டும் வந்தன. கீற்று செய்துவந்த வேறொரு வேலையை, வெயிலைக் கீழே விடாமல் தாங்கும் வேலையை, புதிய கூரை செய்யுமா என்று கேட்க அந்தத் துயரத்தில் யாருக்கும் மனமில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு பிறந்தது. இடித்த இடங்களில் புதிது எழும் வரை மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் நடந்தது. இரண்டு முறையும் கட்டடத்தைப் பற்றி நம்மைப் பேசவைத்தது சாவுதான். கூரை எரியாமல் இருந்தால் போதும், சுவர் விழாமல் இருந்தால் போதும் என்பதே நம் அளவுகோலாகிவிட்டது. உயிரைக் காப்பது முதல் கடமை என்பதில் சந்தேகமில்லை. அந்த முதல் கடமையோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டதுதான் பிழை.

வெப்பத்துக்கு அடுத்தது சத்தம். இதில் உலகறிந்த சான்று நியூயார்க்கிலிருந்து வருகிறது. உயரப் பாலத்தில் ஓடும் ரயில் தடத்தை ஒட்டியிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில், தடத்தின் பக்கம் இருந்த அறைகளில் படித்த பிள்ளைகள் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை அர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் காட்டினார். மேல் வகுப்புகளில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு அளவுக்கு இருந்தது. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், அறைகளில் ஒலியை உறிஞ்சும் மேற்கூரை போட்டார்கள். சில ஆண்டுகளில் மறுபடி சோதித்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. பிள்ளைகளும் பாடமும் அப்படியேதான் இருந்தன; சத்தம் மட்டும்தான் குறைந்தது.

உப்பிலியபுரம் வட்டாரப் பள்ளிக்கூடத்தின் மேல் ரயில் ஓடவில்லை. இங்கே சத்தம் உள்ளிருந்து வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஓர் அறை. வகுப்புக்கு ஓர் அறை என்று சட்டம் கேட்கவில்லை. எனவே ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள் என்று நடக்கும் ஈராசிரியர் பள்ளி சட்டப்படி குறையற்ற பள்ளி. அந்த அறைக்குள் நடப்பதோ வேறு. ஒரு மூலையில் நான்காம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொல்கிறது; மறு மூலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பத்தியை மனத்துக்குள் படிக்க முயல்கிறது. சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், சிமெண்ட் கூரை: எதுவும் ஒலியை வாங்கிக்கொள்ளாது, அப்படியே திருப்பி அடிக்கும். பெரியவர்களுக்குப் பாதி வார்த்தை காதில் விழுந்தாலே போதும், மீதியைத் தெரிந்த மொழியிலிருந்து இட்டு நிரப்பிக்கொள்வார்கள். வார்த்தையையே புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு அப்படி நிரப்ப எதுவும் இல்லை. மலையிலிருந்து வந்து சேரும் பழங்குடிப் பிள்ளைக்கும், வீட்டில் புத்தகத் தமிழ் காதில் விழாத பிள்ளைக்கும் இன்னும் சிரமம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு செயல்பாடு தரச் சொல்கிறது. கற்பித்தல் நோக்கில் நல்ல முறை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மூன்று குழுக்களின் பேச்சு ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அறை இடம்தர வேண்டும். தரையில் தென்னைநார் விரிப்பு, சுவரில் கனத்த துணி அல்லது மென்பலகை, குழுக்களுக்கு நடுவே ஒரு தட்டி போன்ற எளிய பொருள்களே எதிரொலியைக் கணிசமாக அடக்கும். திட்டத்தோடு கையேடும் அட்டைகளும் அனுப்பியவர்கள் இவற்றையும் அனுப்பியிருக்கலாம்.

பிரிட்டனில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் குழு 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஓர் ஆண்டில் பிள்ளைகள் கண்ட முன்னேற்றத்தில் உள்ள வேறுபாட்டில் 16 சதவீதத்தை வகுப்பறையின் அமைப்பைக் கொண்டு விளக்க முடிந்தது. அதில் பாதி வெளிச்சம், வெப்பம், காற்று ஆகிய மூன்றால் வந்தது. அங்கே மிதமான தட்பவெப்பம், முறையாகக் கட்டிய அறைகள். அந்த 16 சதவீதத்தை அப்படியே தூக்கி வந்து துறையூர் வட்டத்தில் ஒட்டிவைக்க முடியாது. ஆனால், நல்ல அறைக்கும் சுமாரான அறைக்கும் உள்ள இடைவெளி அங்கே சிறியது, இங்கே பெரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: பள்ளி வளாகத்தின் மொத்தப் பொலிவைவிட, பிள்ளை உட்காரும் அந்த ஓர் அறை எப்படி இருக்கிறது என்பதே கற்றலோடு அதிகம் தொடர்பு கொண்டிருந்தது. நாம் பணத்தையும் பெருமையையும் வைக்கிற இடம் வாசற்பக்கம்; படிப்பு தீர்மானமாகிற இடம் உள்ளே.

சுவரை நிறைக்கும் படங்கள் பற்றியும் அவர்கள் சொன்னது நமக்குப் பயன்படும். வெறுஞ்சுவரும் உதவவில்லை, படங்களும் தோரணங்களும் அப்பிய சுவரும் உதவவில்லை, நடுத்தரமே நல்லது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2014இல் மழலை வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சிறு சோதனையில், அலங்காரம் நிறைந்த அறையில் பாடம் கேட்டபோது சராசரியாக 42 சதவீதக் கேள்விகளுக்கும், வெறும் சுவர் அறையில் 55 சதவீதக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். ரயில் பெட்டி போல வர்ணம் பூசிய பள்ளிகளை நாம் படம்பிடித்து மகிழ்கிறோம். பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கும் வர்ணம் வெளிச்சுவரில் இருக்கட்டும். கரும்பலகைச் சுவரை மட்டும் விட்டுவைப்பது நல்லது. பிள்ளை கைவைக்கிற சுவர் என்றால் அது வேறு கதை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிப் பார்க்க ஒரு சாண் சுவர் சொந்தமாக இருந்தது. அறையில் தனக்கென்று ஓர் இடம் இருப்பது கற்றலுக்கு உதவுகிறது என்று பின்னாளில் பிரிட்டன் ஆய்வு சொன்னதை, நம் ஆசிரியர்கள் கறுப்பு வர்ணத்தாலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

2025 ஜூலையில் எழுந்த ‘ப’ வடிவ இருக்கை விவாதத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கடைசி வரிசை என்று ஒன்று இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் ஒரு மலையாளப் படத்தால் கேரளத்தில் பரவி, தமிழ்நாட்டுக்கும் சுற்றறிக்கையாக வந்தது. அறை போதாது, பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், கண் கூசும் என்று எதிர்ப்புகள் கிளம்பின. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆதரித்தவர்கள் சொன்னதும் சரி, எதிர்த்தவர்கள் சொன்னதும் சரி. பெஞ்சை எப்படிப் போடுவது என்பது அறையின் நீள அகலத்தையும், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும், தலை எண்ணிக்கையையும் பொறுத்தது. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்த பிள்ளைக்குக் காலையில் கரும்பலகையில் வெறும் பளபளப்புதான் தெரியும், எழுத்து தெரியாது. அந்தப் பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கும். அதற்காகத் திட்டும் வாங்கும். இதைச் சென்னையிலிருந்து பார்க்க முடியாது. அந்த அறையில் நின்று பார்க்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். கட்டளை வேண்டியதில்லை; அறையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் உரிமையும் சிறிது பணமும் ஆசிரியருக்குக் கிடைத்தால் போதும்.

தெருவிளக்கில் படித்து நீதிபதியானவர்கள் இல்லையா, மரத்தடியில் படித்து மேதையானவர்கள் இல்லையா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். மதிப்போடுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வறுமையை வென்றவர்கள் மீதான பெருமிதம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தெருவிளக்கில் படித்து மேலே வந்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அதே விளக்கடியில் கண் எரிந்து புத்தகத்தை மூடியவர்களின் பெயர் தெரியாது. வென்ற ஒருவரை வைத்து விளக்கு போதுமானது என்று முடிவுகட்டுவது, கரை சேர்ந்தவரை மட்டும் கேட்டு ஆற்றின் ஆழத்தைச் சொல்வது போல. மரத்தடியோ உண்மையில் என் வாதத்துக்குத்தான் சான்று. வேம்பின் நிழல், நாலாபுறமும் காற்று, கண்கூசாத பரவலான வெளிச்சம், எதிரொலிக்காத வெளி. திண்ணைப் பள்ளிக்கும் அந்தக் குணங்கள் இருந்தன. மழைக்கும் கரும்பலகைக்கும் அது ஆகாது என்பது வேறு. ஆனால் மரத்தடியில் நன்றாகப் பாடம் நடந்தது என்றால், இடம் முக்கியமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த இடம் கோடை மதியத்தின் கான்கிரீட் அறையைவிடப் படிப்புக்கு உகந்ததாக இருந்தது என்றே அர்த்தம். திருச்சி நகரத்தின் பழைய கல்லூரி, பள்ளிக் கட்டடங்களைக் கட்டியவர்களும் இதை அறிந்திருந்தார்கள். உயர்ந்த கூரை, தடித்த சுவர், வெயில் நேரே விழாதபடி அகன்ற தாழ்வாரம். மின்விசிறி வராத காலத்து அறிவு அது. மின்விசிறி வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டோம்.

நல்ல ஆசிரியர் இருந்தால் போதும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஆசிரியரே முதன்மை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறை ஆசிரியரையும் விடுவதில்லை. எதிரொலிக்கும் அறையில் நாள் முழுக்கக் கத்திப் பேசி, மதியத்துக்குள் தொண்டை கட்டி, அந்த வெக்கையில் பொறுமை தீர்ந்து நிற்பவரும் அவர்தானே. நல்ல ஆசிரியரின் திறமையை அவர் நிற்கும் அறையே வாங்கிவிட்டால், அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதில் என்ன பயன்? வேறொரு மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டியதன் விளைவை அஞ்சலி அதுகியா 2017இல் ஆராய்ந்தார். மாணவியருக்குத் தனிக் கழிப்பறை இருந்த இடங்களில் பருவமடையும் வயதுப் பெண்களின் சேர்க்கை நன்றாகவே உயர்ந்தது. ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. கட்டடத்தில் போட்ட பணம் படிப்பாக மாறுவதில்லை என்று இதை வைத்துச் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. ஒரு வசதி எதைச் செய்யுமோ அதைத்தான் செய்யும். கழிப்பறை பெண்ணைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அவள் மானத்தைக் காக்கும். மதிப்பெண் உயராவிட்டாலும் அது இருந்தே தீரவேண்டும். கரும்பலகையில் எழுதியது தெரிவதும், ஆசிரியர் சொன்னது காதில் விழுவதும், மதியம் இரண்டு மணிக்கு மூளை வேலை செய்வதும் வேறு வசதிகளின் வேலை. சேர்க்கைக்கான கட்டடப் பணியில் தமிழ்நாடு வெகுதூரம் வந்துவிட்டது. கற்றலுக்கான கட்டடப் பணி இனிமேல்தான்.

பணம் எங்கே என்பார்கள். புதுக் கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது. 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய், 18,000 புதிய வகுப்பறைகள். எப்படியும் கட்டப்போகும் அறையை வெயிலுக்கு ஏற்றபடி கட்டக் கூடுதல் செலவு அதிகமில்லை. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் ஆனி, ஆடிக் காற்று உள்ளே வந்து வெளியே போகும். மேற்கு வெயிலைத் தாழ்வாரம் தாங்க வேண்டும். சோபனபுரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டியில் வானிலையே வேறு; ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழையும் மூட்டமும். அங்குள்ள பிள்ளைக்கு வேண்டியது வெளிச்சமும் ஈரம் ஏறாத தரையும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே வரைபடத்தைப் பயன்படுத்தினால் இரண்டில் ஓரிடத்துப் பிள்ளை கஷ்டப்படும். ஒன்றியப் பொறியாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படி மாற்றிக் கட்ட அவருக்கு அனுமதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களுக்குத்தான் பணமில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பராமரிப்பு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 பேர் வரை 25,000 ரூபாய். சாக்பீஸிலிருந்து சுத்தம் வரை அதற்குள்தான். இருபது பிள்ளைகள் இருந்தாலும் அறுபது பிள்ளைகள் இருந்தாலும் கூரையின் பரப்பு ஒன்றுதான். சின்னப் பள்ளிகள் நிறைந்த மலையடிவாரத்தில் இந்தக் கணக்கு அநியாயம். போதாக்குறைக்கு, 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததாக மாநில அரசு சொல்லிவருகிறது. இரண்டு அரசுகளின் சண்டையில் கூரைக்கு யார் பேசுவார்? மாணவர் எண்ணிக்கைப்படி வரும் மானியத்தோடு, கூரைப் பரப்புக்கென்று ஒரு தனித் தொகையை மாநிலமே ஒதுக்க வேண்டும். செலவு பயமுறுத்தும் அளவில் இல்லை. மொட்டைமாடியில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடிப்பது நம் கொத்தனார்களுக்குப் பழகிய வேலை. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பி, அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைக்கும் என்பது கணக்கு. அகமதாபாத் வெப்பத் தடுப்புத் திட்டத்தின் அங்கமாக இதைச் செய்கிறது. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. தமிழக அரசும் பசுமைப் பள்ளிகளில் இந்த முயற்சியைத் தொடங்கியிருக்கிறது. முயற்சி பெருநகரங்களோடு நின்றுவிடாமல் ஒன்றியப் பள்ளிக்கு இறங்கி வர வேண்டும். 1958 முதல் காமராஜரும் நெ.து. சுந்தரவடிவேலுவும் ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்து மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமுமாகக் கொடுத்தார்கள். கேட்டால் இந்த ஊர்கள் இன்றும் கொடுக்கும். ஆனால் என்ன தேவை என்று பள்ளி சரியாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முதலில் அளக்க வேண்டும். கரும்பலகைக்கு எதிர்ச்சுவரில், பிள்ளையின் தலை உயரத்தில், ஒரு வெப்பமானி. தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் அளவைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதுவே அறிவியல் பாடமும் ஆகும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதக் கணக்கு பள்ளி மேலாண்மைக் குழுவின் கைக்கு வந்துவிட்டால், எந்த அறை முதலில் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வைரிசெட்டிபாளையத்திலும் சோபனபுரத்திலும் அன்றைக்கு அந்த நோட்டை வாசிக்கலாம். அப்போது பள்ளி பூட்டியிருக்கும், மாடி காய்ந்திருக்கும், சுண்ணாம்பு அடித்துப் பிடிக்கவிட ஜூன் வரை நாள் இருக்கிறது.